பைக் மெக்கானிக் தொழில் கட்டுப்படியாகுமா?

இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பைப் பிழைப்பாக எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பட்டறை நடத்துபவர்களும் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். மார்க் சுமார்தான். மெக்கானிக் ஆகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 'கை கறுக்கும், காசு சேராது' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, நேராகக் கடையில் விடுவதா?
- ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: வண்டி ஓட்டுகிற ஆசை வேறு, வண்டியைப் பிரிக்கிற ஆசை வேறு. மகனுக்கு இருப்பது எது என்று முதலில் பாருங்கள். வேலை மும்முரமாக நடக்கும் ஒரு கடையில் ஒரு மாதம் விடுங்கள். மாதம் முடிந்ததும் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். கழற்றிய போல்ட்டுகளை இடம் மாறாமல் தனித்தனியாக வைக்கிறானா? ஒரு பாகம் ஏன் போனது என்று கேட்கிறானா, மாற்றியதோடு விட்டுவிடுகிறானா? இரண்டாவதுதான் முக்கியம். ஆயில் மாற்றவும் பிரேக் ஷூ மாற்றவும் ஆறு மாதத்தில் யாரும் பழகிவிடலாம். அதனால்தான் அந்த வேலைக்குக் கூலி ஏறமாட்டேன் என்கிறது. கோளாறைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவருக்கோ அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். இந்தத் தொழில் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது.

ஐ.டி.ஐ.யில் சேருங்கள் என்பதே எங்கள் யோசனை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 'மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்' பிரிவு 2 ஆண்டு. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கான பிரிவு 1 ஆண்டு. இரண்டும் கிடைத்தால் 2 ஆண்டுப் படிப்பை எடுப்பது நல்லது; எலக்ட்ரிகல் பாடம் அதில் கூடுதலாக வரும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே விசாரியுங்கள்.

ஐ.டி.ஐ.யின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இன்ஜின் ஸ்டாண்டில் சுத்தமாக நிற்கும். மழையில் நனைந்து, வயரை எலி கடித்து, ஏற்கெனவே இரண்டு பேர் கைவைத்துக் கெடுத்த வண்டி அங்கே வராது. ஆகவே படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒன்றரை, இரண்டு ஆண்டு இருக்கட்டும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச், ஸ்பெஷல் டூல், கோளாறைக் காட்டும் ஸ்கேனர், ஜாப் கார்டு எழுதுவது எல்லாம் அங்கே பழக்கமாகும். அதற்கு மேல் அங்கே தங்கினால் ஒரே கம்பெனி வண்டியின் ஆயிலை மாற்றிக்கொண்டே வயதாகிவிடும். அடுத்து, இன்ஜின் இறக்குகிற, லேத்துக்குப் போய்வருகிற வெளிக்கடை ஒன்றில் இரண்டு ஆண்டு. இவ்வளவும் ஆன பிறகுதான் சொந்தக் கடைப் பேச்சு.

சர்வீஸ் சென்டர் வேலைக்குப் போகும்போது கைக்கு வரும் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. உண்டா, ஒரு வண்டிக்கு இன்சென்டிவ் எவ்வளவு, ரிப்பீட் கம்ப்ளெயின்ட் வந்தால் அதில் வெட்டுவார்களா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். கை நசுங்குகிற வேலை இது, இ.எஸ்.ஐ. கார்டு பெரிய ஆறுதல்.

கேள்வி: கடையில் வேலை பழகுகிறேன். இந்த மாதம் இரண்டாவது முறையாக ஆயில் ட்ரெயின் போல்ட் மரை போய்விட்டது. முதலாளி லேத் செலவை என் கூலியில் பிடித்துவிட்டார். எங்கே தப்பு?
- வாசகர், மணப்பாறை

பதில்: போல்ட் இரும்பு, அது போய் உட்காரும் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) அலுமினியம். நீள ஸ்பானரைப் போட்டு 'இன்னும் கொஞ்சம்' என்று இழுத்தால் இரும்பு தாங்கும், அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். 100 சிசி வகை வண்டிகளில் ட்ரெயின் போல்ட்டுக்குப் பொதுவாக 24 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். கவர்களில் இருக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10. ஸ்பார்க் பிளக்குக்கு 12 முதல் 16. பழக்கமான கை இதைத் தானே அறியும் என்பார்கள். நம்பாதீர்கள், டார்க் ரென்ச் வைத்து நூறு போல்ட் இறுக்கிய பிறகுதான் கைக்கு அந்த அளவு பிடிபடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ட்ரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருப்பீர்கள். நசுங்கிய வாஷர் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவீர்கள், மரை போகும். புது வாஷர் சில ரூபாய்தான். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது பிளக்கைக் கழற்றுவதும் அதே அலுமினிய மரையைக் கெடுக்கும். பிளக்கையும் போல்ட்டையும் முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாதது கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பானரைத் தொடாமல் வெளியே எடுங்கள்.

மரை போன இடத்தில் அடுத்த சைஸ் போல்ட்டைத் திணிப்பது சிலரது வழக்கம். அதற்குப் பதில் ஹெலிகாயில் (போன மரையின் இடத்தில் வைக்கும் கம்பிச்சுருள் மரை) போட்டால் பழைய போல்ட்டே ஏறும், வண்டிக்காரருக்கும் பின்னால் தொல்லையில்லை. ஒரு ஹெலிகாயில் செட் வாங்கி நீங்களே பழகிவிட்டால், கூலியில் பிடித்த அதே முதலாளி அடுத்த மரையை உங்களிடமே தருவார்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வேன். பி.எஸ். 6 இன்ஜெக்‌ஷன் வண்டி வந்தால் கம்பெனிக்கே அனுப்பிவிடுகிறேன். இப்படியே ஓட்ட முடியுமா?
- மெக்கானிக், ஆத்தூர்

பதில்: முடியாது. பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பிறகு விற்ற பைக், ஸ்கூட்டரெல்லாம் ஏறத்தாழ இன்ஜெக்‌ஷன் வண்டிகள்தான். முதலில் வந்தவற்றுக்கு வாரன்டி முடிந்துவிட்டது. கம்பெனி பில்லுக்குப் பயந்து வெளிக்கடை தேடுகிற காலம் அவற்றுக்கு வந்தாயிற்று. நீங்கள் திருப்பி அனுப்புவது உங்கள் அடுத்த பத்து வருட வாடிக்கையை.

பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பிஸ்டன், வால்வு, க்ளட்ச், கியர் எல்லாம் நீங்கள் பார்த்தவைதான். பெட்ரோலை அளந்து தரும் வேலை மட்டும் கார்புரேட்டரிடமிருந்து பம்ப், இன்ஜெக்டர், சென்சார்கள், இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) ஆகியவற்றுக்குப் போயிருக்கிறது. கார்புரேட்டரில் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு யோசிக்கலாம்; இதில் அளந்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் இந்த வரிசையில் போங்கள். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா, டேங்கில் பம்ப் இரண்டு மூன்று வினாடி முனகுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர். விளக்கு வந்து பம்ப் மட்டும் ஓடவில்லையென்றால் கில் ஸ்விட்ச், வண்டி சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார், பம்ப் கனெக்டர். சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்சில் மண் அடைத்து நின்றுபோன வண்டிகள் மழைக்காலத்தில் ஏராளமாக வரும். ஐந்து நிமிட வேலை.

பிறகு பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பேட்டரி படுத்துவிட்ட இன்ஜெக்‌ஷன் வண்டியைக் கிக்கர் அடித்துக் கிளப்ப முயல்வது பெரும்பாலும் வீண், பம்புக்கும் இ.சி.யு.வுக்கும் கரன்ட் வேண்டுமே. வண்டி ஓடும்போது 5,000 ஆர்.பி.எம். அளவில் பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை விட்டால் இ.சி.யு.வையும் கொண்டுபோகும்.

அடுத்து ஸ்பார்க், அதற்கடுத்து பெட்ரோல் அழுத்தம். ஹோண்டா, ஹீரோ வகைகள் பலவற்றில் சுமார் 294 கிலோபாஸ்கல், அதாவது 43 பி.எஸ்.ஐ. பம்ப் சத்தம் வருகிறது என்பதற்காகப் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அடியில் உள்ள வலை ஃபில்டர் அடைத்திருந்தால் சத்தம் வரும், அழுத்தம் வராது. ஐடிலில் ஓடி, ஆக்சிலேட்டர் முறுக்கினால் திணறும் வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பல வாரம் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே நிற்கும்.

ஸ்கேனர் இல்லாமலும் பல வண்டிகளில் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், பார்க்கலாம். இன்ஜின் விளக்கு மினுக்குவதை எண்ண வேண்டும்: நீண்ட மினுக்கு 10, குறுகியது 1. ஹோண்டா முறையில் 8 என்றால் த்ராட்டில் சென்சார், 12 இன்ஜெக்டர், 21 ஆக்சிஜன் சென்சார். ஆனால் கோடு 8 வந்ததும் சென்சார் வாங்க ஓடாதீர்கள். கோடு காட்டுவது அந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும். கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். சென்சாருக்கு வர வேண்டிய 5 வோல்ட் வருகிறதா, ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கும்போது சிக்னல் அரை வோல்ட் அளவிலிருந்து துள்ளாமல் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு பாகத்தை மாற்றுங்கள்.

கார்புரேட்டர் பழக்கத்தால் வரும் கேடுகளும் உண்டு. ஐடில் ஏற்ற த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்புவது முதல் கேடு. கம்பெனியில் அமைத்த மூடிய நிலை மாறிவிடும், பிறகு ஆர்.பி.எம். ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'சார்ஜ் ஆகிறதா' என்று பார்ப்பது இரண்டாவது. அந்த வோல்டேஜ் துள்ளலில் இ.சி.யு. எரியும். ஃபிரேமில் வெல்டிங் வைக்கும்போது இ.சி.யு. கனெக்டரைக் கழற்றாமல் விடுவதும், வாட்டர் வாஷில் கனெக்டர் மேலேயே அழுத்தத் தண்ணீர் அடிப்பதும் மற்றவை.

வாங்க வேண்டியவை மூன்றுதான்: நல்ல மல்டிமீட்டர், அடாப்டர்களோடு பெட்ரோல் பிரஷர் கேஜ், 6 பின் கனெக்டர் உள்ள ஸ்கேனர். ஸ்கேனரைக் கடைசியில் வாங்குங்கள்.

கேள்வி: சொந்தக் கடை போட்டால் மாதம் என்ன நிற்கும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
- வாசகர், திண்டிவனம்

பதில்: ஊருக்கு ஊர் மாறும். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். உங்கள் ஊர் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் 26 நாள், நாளுக்கு 4 வண்டி, சராசரிக் கூலி 350 என்று வைத்தால் 36,400. ஸ்பேர், ஆயிலில் வண்டிக்கு 60 ரூபாய் லாபம் என்றால் 6,240. மொத்தம் 42,640. செலவு: வாடகை 8,000, ஒரு உதவியாள் 12,000, கரன்ட் 1,200, மண்ணெண்ணெய், கிரீஸ், வேஸ்ட் துணி வகை 1,500, டூல் தேய்மானம் 1,500, வராத கடன் 1,000. ஆக 25,200. மிச்சம் 17,440. முதல் ஆண்டில் நாளுக்கு 4 வண்டி வரும் என்பதே பெரிய நம்பிக்கை.

இன்ஜின் வேலை எடுத்தால் சேர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். இன்ஜின் ஒன்றுக்குக் கூலி 2,500, வாரம் ஒன்று என்றால் மாதம் 10,000. ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை நாளைத் தின்னும். லேத்தில் போர் போட்டு வாங்க, கேஸ்கெட் தேட, மூன்று முறை அலைச்சல். மாதம் 6 நாள் போனால் சாதாரண சர்வீஸ் 24 வண்டி போச்சு. கூலியும் ஸ்பேர் லாபமும் சேர்த்து வண்டிக்கு 410 என்றால் 9,840. கூடுதலாக வந்தது 160 ரூபாய். உதவியாளுக்கு சர்வீஸ் வேலையை முழுதாக ஒப்படைக்க முடிகிற கடைக்குத்தான் இன்ஜின் வேலை லாபம்.

வித்தியாசம் உண்டாக்குவது வேறு இரண்டு. ஒன்று, கோளாறு கண்டுபிடிக்கத் தனிக் கூலி. 'பார்த்ததற்கெல்லாம் காசா' என்று கேட்பார்கள். அதனால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே சொல்லுங்கள்: 'அண்ணே, வயரிங் கோளாறு தேடணும். கண்டுபிடிக்க 300 ஆகும், ரிப்பேர் கூலி தனி.' ஒத்துக்கொள்ளாதவரை அனுப்பிவிடுவது மேல். மற்றொன்று, திரும்பி வரும் வண்டி. வாரம் இரண்டு வண்டி இலவச மறுவேலைக்கு வந்தால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் கரையும். அவற்றில் பெரும்பாலானவை சில்லறைக் காரணங்கள்: செயினை வண்டியில் ஆள் உட்காராமல் விறைப்பாக இழுத்தது (பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வேண்டும்), க்ளட்ச் கேபிளில் ஃப்ரீபிளே (சிறு தளர்வு) விடாதது, டேப்பெட்டை (வால்வு இடைவெளியை) இன்ஜின் சூட்டோடு அட்ஜஸ்ட் செய்தது. அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் அளவு மாடலுக்கு மாடல் மாறும்; எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. கடை போட என்னென்ன வாங்க வேண்டும்? கடன் கிடைக்குமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டு லட்சத்தையும் டூலில் போட்டுவிடாதீர்கள். ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கணக்குப் பாருங்கள்.

6-லிருந்து 24 வரை ஓப்பன், ரிங் ஸ்பானர்கள். 8, 10, 12, 14 டி ஸ்பானர். சாக்கெட் செட், ஆலன் கீ செட், இம்பாக்ட் டிரைவர், சர்க்ளிப் பிளையர், ஃபீலர் கேஜ், டார்க் ரென்ச். உங்கள் ஊரில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு மட்டும் மேக்னட் புல்லர், க்ளட்ச் நட் டூல். ஐந்து அங்குல வைஸ், பேட்டரி சார்ஜர், சின்ன கம்ப்ரசர். வண்டியை உயர்த்தி நிறுத்தும் ராம்ப் பிறகு வாங்கலாம். ஆனால் தரையில் குந்தியே வேலை செய்து முட்டியையும் முதுகையும் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டாக் வாங்குவதற்கு முன் இரண்டு நாள் காலை பஸ் ஸ்டாண்ட் பார்க்கிங்கில் நின்று எந்த மாடல் எத்தனை என்று எண்ணுங்கள். முதல் ஐந்து மாடலுக்கு மட்டும் பிரேக் ஷூ, பிளக், கேபிள், ஏர் ஃபில்டர் போதும். 10டபிள்யூ30, 20டபிள்யூ40, 20டபிள்யூ50 ஆயிலில் எது எந்த வண்டிக்கு என்று கலக்காதீர்கள். ஸ்கூட்டருக்குத் தனி ஆயில்.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு உண்டு. மானியம் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு அது கிடையாது. ஆகவே போர்டு மாட்டுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். சின்னத் தொகைக்கு முத்ரா: 'சிஷு' 50,000 வரை, 'கிஷோர்' 5 லட்சம் வரை. உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். காசு கேட்கும் புரோக்கரிடம் போகாதீர்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்துவிட்டது. இனி மெக்கானிக் எதற்கு என்கிறார்களே?
- ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

பதில்: உங்கள் ஊரிலேயே அந்த வண்டிகள் தயாராவதால் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. ஆயில், பிளக், க்ளட்ச், டேப்பெட் வேலை அவற்றில் கிடையாது, உண்மை. பிரேக், டயர், வீல் பேரிங், கோன் செட், ஷாக் அப்சார்பர் இருக்கும். பெட்ரோல் வண்டிகளும் ரோட்டை விட்டு நாளையே போகப்போவதில்லை.

பேட்டரி பேக்கைத் திறக்காதீர்கள். வாரன்டி போகும், ஷார்ட் ஆனால் தீ. அதற்கு வெளியே கற்க வேண்டியது நிறைய. பின் சக்கரம் கையால் சுற்றக் கடினமாக இருக்கிறதா? மோட்டாரின் மூன்று தடித்த ஃபேஸ் வயரையும், மோட்டாருக்குக் கரன்ட் அளந்து தரும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். சக்கரம் லேசாகிவிட்டால் கன்ட்ரோலர் ஷார்ட். அப்போதும் இறுக்கமென்றால் மோட்டார் பக்கம் கோளாறு. வண்டி நடுங்கி நடுங்கி நகர்ந்தால், மோட்டார் சுழலும் நிலையைக் காட்டும் ஹால் சென்சாரைப் பாருங்கள்: 5 வோல்ட் வருகிறதா, சக்கரத்தைச் சுற்றும்போது மூன்று சிக்னலும் மாறி மாறி வருகிறதா என்று அளங்கள். மல்டிமீட்டர் பழகிய பெட்ரோல் மெக்கானிக்குக் கைக்கு எட்டுகிற தொழில்தான் இது.

கேள்வி: பெண்கள் இந்த வேலையைச் செய்ய முடியுமா? வண்டி எடை தாங்குமா?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: 110 கிலோ வண்டியை ஆணும் கையில் தூக்கி வேலை செய்வதில்லை. சென்டர் ஸ்டாண்ட், பேடாக் ஸ்டாண்ட், ராம்ப் எல்லாம் அதற்குத்தான். இறுகிய நட்டுக்குப் பலத்தைவிட நீளப் பிடியும் துரு நீக்கும் ஸ்ப்ரேயும் உதவும். ஸ்கூட்டர் வேலையில் தொடங்கலாம்: பெல்ட், ரோலர், க்ளட்ச் ஷூ. வாடிக்கையாளரிலும் பெண்கள் அதிகம்.

கேள்வி: கடையில் பெட்ரோலில்தான் கை கழுவுகிறோம். விரல் வெடித்து எரிகிறது.
- வாசகர், ராஜபாளையம்

பதில்: இன்றே நிறுத்துங்கள். பெட்ரோல் தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். அதிலுள்ள பென்சீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல், கைக்கு நைட்ரைல் உறை, கடைசியில் சோப்பும் தேங்காய் எண்ணெயும். பிரேக் ட்ரம் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஷட்டரை இறக்கிவிட்டு இன்ஜினை ஓட விடாதீர்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: வயது 42. வெளிநாட்டில் டிரைவராக இருந்து திரும்பிவிட்டேன். பணம் போட்டு, நல்ல மெக்கானிக் ஒருவரை வைத்துக் கடை நடத்தலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். வாடிக்கையாளர் கடைப் பெயரை நம்பி வருவதில்லை, மெக்கானிக்கின் கையை நம்பி வருகிறார். இரண்டு வருடத்தில் அவர் எதிர்த்த வரிசையில் கடை போட்டால் வண்டிகளும் கூடவே போகும். உங்களிடம் இருப்பது பணமும் நேரமும் என்றால், நாலைந்து மெக்கானிக் கடை உள்ள தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பொருத்தமாக இருக்கும். அங்கேயும் கடன் கொடுப்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள்: மெக்கானிக் ஒருவருக்கு ஒரு வார பாக்கி, அதைத் தீர்த்த பிறகு அடுத்த சரக்கு. டியூப்லெஸ் பஞ்சர், வாட்டர் வாஷ் இரண்டும் சேர்ந்த கடையும் பார்க்கலாம். ஆனால் போர்வெல் தண்ணீர் கோடையிலும் வருமா என்று கட்டட உரிமையாளரிடம் கேட்காமல், அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.